கட்டிப்போட்ட நாய் ஏன் பாய்கிறது?

கேள்வி: குட்டியாக இருந்தபோது வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் வாலாட்டிய நாயை, ஒரு வருடமாக வாசல் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறோம். இப்போது பால்காரரைக் கண்டாலே பாய்கிறது. கூட்டிக்கொண்டு நடந்தால் அவரிடமே சும்மா இருக்கிறது. ஏன் இப்படி?
- வாசகி, மணப்பாறை

பதில்: கட்டினால் முரடு, அவிழ்த்தால் சாது என்று கவனித்திருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

கட்டிப்போட்டால்தான் நாய்க்கு ரோஷம் வரும், காவல் காக்கும் என்பார்கள். நீங்கள் பார்ப்பது காவல் குணம் அல்ல, பயம். அந்நியர் நெருங்கினால் நாய் முதலில் பின்வாங்கும். தள்ளி நின்று மோப்பம் பிடித்த பிறகே முடிவு செய்யும். அது விட விரும்பும் அந்த இடைவெளிக்கு விலகல் தூரம் என்று பெயர். ஆறடிச் சங்கிலியில் அதற்கு வழியில்லை. ஓட முடியாத பிராணிக்கு மிச்சம் இருப்பது மிரட்டுவதுதான். பால்காரர் பாலை ஊற்றிவிட்டுத் தம் பாட்டுக்குப் போகிறார். நாயோ தான் குரைத்துத்தான் அவர் போனார் என்று எடுத்துக்கொள்கிறது. தினமும் இதே பாடம்.

டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காதவற்றையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வில், கடித்தவற்றில்தான் சங்கிலியில் கிடந்தவை அதிகம். கடிப்பதால்தானே கட்டியிருப்பார்கள் என்று கேட்கலாம். உங்கள் நாய் கட்டிய பிறகல்லவா மாறியது?

எனக்குப் பெரிய கவலை குழந்தைகள். ஆறடிச் சங்கிலி என்றால் பன்னிரண்டடி அகல வட்டம். தரையில் கோடு கிடையாது. உருண்டோடிய பந்தை எடுக்கப் போகும் பிள்ளைக்கு அது எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்?

கட்டிக்கிடப்பது நாய்க்கும் வேதனைதான். அதற்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தே சூட்டைத் தணிக்கும். சங்கிலியில் இருந்தால், நிழல் நகரும்போது கூடவே போக முடியாது. சங்கிலி மரத்தைச் சுற்றிக்கொண்டால் தண்ணீர்ச் சட்டியும் எட்டாது. கழுத்துப்பட்டை அறுத்து, புழு வைத்த புண்ணோடு சிகிச்சைக்குக் கொண்டுவரப்படும் நாய்களைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும், எப்போதும் கட்டியே வைத்து நடக்க விடாமலிருப்பதைக் குற்றம் என்கிறது.

ஆனால் நாளைக்கே அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். காலை மாலை நடை முதலில். வீட்டார் மட்டும் இருக்கும்போது கேட்டைச் சாத்திவிட்டு உலவ விடுங்கள். பால்காரர் வரும் நேரத்தில் வாரைப் பிடித்துத் தள்ளி நில்லுங்கள். அவர் தலை தெரிந்ததும் நாய்க்குப் பிடித்த தீனி ஒரு துண்டு. அது குரைக்காத தூரத்திலிருந்து, நாளுக்கு ஓரடியாக நெருங்கினால் போதும்.