குளூ கன் பிடிக்க வரும் குடில் பிள்ளைகளுக்கு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் புதுக்கடையிலிருந்து கருங்கல், தேங்காப்பட்டணம் வரை கோயில் முற்றங்களிலும் வீட்டு வாசல்களிலும் கிறிஸ்துமஸ் குடில் வேலை களைகட்டிவிடும். முன்பெல்லாம் மரச்சீனி மாவைக் காய்ச்சிய பசை, சணல், கட்டுக்கம்பி, ஆணி, இவ்வளவுதான் எங்கள் சாமான். இப்போது வேலைக்கு வரும் முதல் நாளே கையில் ஒரு குளூ கன்னோடு வந்து நிற்கிறீர்கள். நல்ல கருவிதான். அரை நிமிடத்தில் ஒட்டிவிடுகிறது. ஆனால் சூட்டில் இளகிப் பிடிக்கிற பசை, பிறகு சூடு பட்டால் மறுபடியும் இளகி விட்டுவிடும். அதே சூடு உங்கள் தோலையும் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருவதுதான், மக்களே.

1. கடைக்குப் போகுமுன் எதை ஒட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காகித நட்சத்திரம், பஞ்சு, சருகு போன்ற சில்லறை வேலைக்கு 7 மில்லிமீட்டர் குச்சி போடும் 20 வாட் கன் போதும். மூங்கில் சிம்பு, சிரட்டை, பலகைத் துண்டு என்று வந்தால் 11 மில்லிமீட்டர் குச்சி போடும் 60 வாட்டோ 100 வாட்டோ வேண்டும். சின்னதை வைத்துப் பெரிய வேலை செய்தால் பசை அரைகுறையாக உருகி வரும். பொறுமையில்லாமல் விசையை அழுத்து அழுத்து என்று அழுத்துவீர்கள். கன்னும் போகும், பிடிப்பும் இருக்காது.

2. தெர்மாகோலுக்கு அதிகச் சூடு ஆகாது. 100 டிகிரியை நெருங்கினாலே அது சுருங்கிக் குழி விழும். பெரிய கன்னில் பசை 190 டிகிரி வரை சூடாகி வருகிறது. சூடு குறைந்த, 120 டிகிரி அளவில் வேலை செய்கிற கன் கிடைத்தால் குடிலின் மலை செய்ய அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பசையைத் தெர்மாகோலில் வைக்காதீர்கள். ஒட்டவேண்டிய மற்றப் பொருளில் வைத்து, சில நொடி ஆறவிட்டு, பிறகு அழுத்துங்கள்.

3. குச்சியைப் பார்த்து வாங்குங்கள். கன்னின் துளைக்கும் குச்சியின் பருமனுக்கும் பொருந்தவேண்டும். மெலிந்த குச்சியைப் போட்டால் உருகிய பசை பின்பக்கமாக வழிந்து கைக்கு வரும். வளைத்தால் நன்றாக வளைந்துகொடுக்கிற குச்சியை எடுங்கள். மினுமினுப்புத் தூள் கலந்த கலர்க் குச்சிகள் அழகுக்குத்தான். பாரம் தாங்கவேண்டிய இடத்தில் சாதாரண வெள்ளைக் குச்சியே போடுங்கள்.

4. ஒட்டும் இடம் காய்ந்திருக்கவேண்டும். டிசம்பரில் நம் பக்கம் மழையும் பனியும் முழுதாக விட்டபாடில்லை. முந்தின நாள் வெட்டிய மூங்கில், ஈரம் வற்றாத கொதும்பு, பனியில் கிடந்த வைக்கோல், இவற்றின் மேல் சூட்டுப் பசை விழுந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பசைக்கடியில் குமிழ் கட்டும். பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும். மறுநாள் காலையில் கழன்று கிடக்கும். வெட்டியதை இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். சிரட்டையின் நாரை உரசி எடுத்து, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துணியால் துடைத்த பிறகு ஒட்டிப் பாருங்கள். கூரைக்குப் பன்னாடை வைக்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதன் பின்னலுக்குள் பசை புகுந்து தானாகவே கொக்கி போட்டுக்கொள்ளும். குடில் வேலைக்கு அதைவிட நல்ல பொருள் நம் தோப்பில் இல்லை என்பேன்.

வழவழப்பான பிளாஸ்டிக் வேறு கதை. வாளி, குடம், பாலித்தீன் தாள் எதிலும் இந்தப் பசை நிலைக்காது. கண்ணாடியும் இரும்பும் பசையின் சூட்டை உடனே உறிஞ்சிவிடும். அதனால் அது பிடிக்குமுன்பே உறைந்துவிடும். அந்த இடங்களில் கம்பியால் கட்டுங்கள்.

5. பாரத்தை இந்தப் பசையை நம்பித் தொங்கவிடாதீர்கள். நேராக இழுத்தால் ஓரளவு தாங்கும். ஓரத்திலிருந்து நெம்பினால் உரிந்து வந்துவிடும். முற்றத்து மாமரத்தில் தொங்கும் பெரிய நட்சத்திரத்துக்குச் சிம்பு சேரும் ஒவ்வொரு முனையிலும் முதலில் சணல்கட்டு, அதன்மேல் பசை. கட்டுதான் தாங்கவேண்டும். பசை, கட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. காற்றடிக்கும்போது அதன் கீழே குழந்தைகள் நிற்பார்கள்.

நாம் கடையில் வாங்கும் சாதாரணக் குச்சி 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பித்துவிடும். குண்டு பல்பின் பக்கத்திலும், வெயிலில் நிறுத்திய வேனுக்குள்ளும் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆகவே நட்சத்திரத்துக்குள் எல்.இ.டி. பல்பு போடுங்கள். செய்த சாமானை வண்டியில் ஏற்றினால் நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். சீரியல் விளக்கின் வயர் இணைப்பைக் குளூ வைத்து மூடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதை நான் எங்கே பார்த்தாலும் பிரிக்கச் சொல்வேன். இன்சுலேஷன் டேப்பின் வேலையை அதற்குரிய டேப்தான் செய்யவேண்டும்.

6. கன் கரண்டில் ஓடும் சாமான் என்பதை மறக்காதீர்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்யக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அதைத் தரையில் போடாமல் ஸ்டூல் மேல் வையுங்கள். இரண்டு முள் பிளக் ஆடினால் தீப்பொறி பறக்கும். தீக்குச்சி சொருகி இறுக்குகிற வேலை வேண்டாம். பல கன்களில் ஸ்விட்ச் கிடையாது. சாப்பிடப் போனாலும் சரி, பாட்டுப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். குடில் முழுக்க வைக்கோலும் பஞ்சும்தான் இருக்கிறது.

7. சூடேற ஐந்து நிமிடம் கொடுங்கள். கம்பிக்கால் மேல், மூக்கு கீழே பார்க்க நிறுத்துங்கள், அடியில் ஒரு ஓட்டுத்துண்டு. படுக்கப் போட்டால் பசை உள்ளே திரும்பி ஓடும். பாதிக் குச்சியைப் பின்னாலிருந்து இழுக்கவே கூடாது.

8. ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், பெட்ரோல் இருக்கும் இடத்தில் சூடான கன் இருக்கக்கூடாது. பாறைக்கு வர்ணம் அடிப்பது ஒரு நாள், ஒட்டுவது வேறு நாள்.

9. இதைக் கவனமாகப் படியுங்கள். 70 டிகிரி வெந்நீர் பட்டாலே ஒரு நொடியில் தோல் வெந்துவிடும். பசை அதைவிட மிகச் சூடு. தண்ணீர்போல் வழிந்தோடாமல் அங்கேயே ஒட்டி நின்று சுட்டுக்கொண்டிருக்கும். விரலில் விழுந்தால் உடனே பிய்க்கத் தோன்றும். பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும், அடுத்த விரலும் வெந்துபோகும். பசையோடு அப்படியே குழாயடிக்குப் போய், ஓடும் பச்சைத்தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். மோதிரமோ வளையலோ இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். ஐஸ், பற்பசை, மை, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆறிய பசை தானாகக் கழன்றால் சரி, இல்லாவிட்டால் அப்படியே விட்டுச் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் போங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ கண்ணருகிலோ பட்டிருந்தாலும் தாமதம் கூடாது. நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வேலை தொடங்குமுன்பே ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சின்னத் துண்டுகளை விரலால் அழுத்தாமல் ஒரு ஈர்க்கிலாலோ சாமணத்தாலோ அழுத்துங்கள்.

10. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கையில் கன் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவர்களுக்கு மரச்சீனிப் பசையும் வர்ணக் காகிதமும் கொடுங்கள். அசிசி நகர் பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சியோவில் குடில் வைத்தபோது அங்கே வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. எல்லாருக்கும் அதில் வேலை இருக்கவேண்டும். சின்னவர்களை வெறுமனே வேடிக்கை பார்க்க நிறுத்திவிடாதீர்கள்.

11. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து ஜனவரியில் பிரிக்கும்போது சுரூபங்களில் ஒட்டியிருக்கும் பசையைக் கத்தியால் சுரண்டினால் வர்ணம் பெயர்ந்துவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் விட்டு, ஒரு நிமிடம் கழித்து நகத்தால் நெம்புங்கள். பெரும்பாலும் முழுதாகக் கழன்று வரும். வர்ணம் சாயம் விடுகிறதா என்று சுரூபத்தின் அடிப்பக்கத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். மூங்கிலையும் பன்னாடையையும் கட்டிப் பரணில் போட்டால் அடுத்த வருடத்துக்கு ஆகும். தெர்மாகோலையும் பசை ஒட்டிய பிளாஸ்டிக்கையும் தோப்பில் குவித்துத் தீ வைக்காதீர்கள், அந்தக் கரும்புகை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் சேரும். தனியாகச் சாக்கில் கட்டிப் பேரூராட்சிக் குப்பை வண்டி வரும்போது கொடுத்துவிடுங்கள். மிஞ்சிய குச்சிகளைத் தூசி படாமல் ஒரு டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.