முட்டை அவித்தலும் கோது உரித்தலும்

முட்டை அவிக்கவும் ஒரு பாடமா என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். மனைப்பொருளியல் கற்பிக்கும் எனக்கு, தரம் 9 மாணவிகள் கன்னியாவுக்குப் போய்வந்த கிழமையில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "டீச்சர், கன்னியாக் கிணத்துல முட்டை அவியுமா?" கேட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. முட்டையைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் அது மிக நல்லது.

அவியாது. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நீரின் சூடு ஏறத்தாழ 37 முதல் 41 பாகை செல்சியஸ் வரைதான். விடியற்காலையில் ஒரு வாளி அள்ளி ஊற்றும்போது உடம்பு திடுக்கிடுவது உண்மை. ஆனாலும் அது காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்புச் சூட்டைத் தாண்டாது. இன்னொன்றையும் வகுப்பில் சொல்வேன். குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் வைக்கும் சூடு 37.5 பாகை அளவுதான். அடைக்கோழியின் வயிற்றின் கீழ் முட்டைக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ அதுவே. 21 நாளில் ஓர் உயிரை உண்டாக்கும் சூடு அது. அவிக்கும் சூடு அல்ல. அம்பாறை மாவட்டத்து மகா ஓயா வெந்நீரூற்று இதைவிடச் சூடானது, 50 பாகையைத் தாண்டும். அதில் போட்டாலும் முட்டை இறுகாது.

ஊற்று நீரில் முட்டை அவிக்கும் ஊர்கள் உலகில் இல்லாமல் இல்லை. யப்பானில் ஹக்கோனே மலையிலுள்ள ஓவாக்குடானி என்னும் இடத்தில், 80 பாகை அளவு சூடுள்ள ஊற்று நீரில் முட்டையை ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கிடத்தி, பிறகு நீராவியிலும் வேகவைக்கிறார்கள். நீரிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்து கோது கரிபோலக் கறுத்துவிடும். உள்ளே வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

கன்னியாவுக்கும் ஓவாக்குடானிக்கும் இடையிலுள்ள அந்த 40 பாகைக்குள்தான் முட்டை அவித்தலின் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. வெள்ளைக்கரு ஒரே பொருள் அல்ல. பலவகைப் புரதங்களின் கலவை. 62 பாகை அளவில் அது கலங்கித் தடிக்கத் தொடங்கும். மஞ்சட்கரு 65 முதல் 70 பாகைக்குள் இறுகிவிடும். ஆனால் வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் நன்றாக இறுக 80 பாகை வேண்டும். ஆகவே 68 பாகை நீரில் நீண்ட நேரம் வைத்த முட்டையில் மஞ்சள் இறுகி, வெள்ளை தயிர்போலத் தளும்பிக்கொண்டிருக்கும். யப்பானியர் அதை விரும்பி உண்பர். நம் வீடுகளில் அப்படி ஒன்றைக் கோப்பையில் வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாம் கொதிநீரில் அவிப்பதால் வெளியே இருக்கும் வெள்ளைக்கரு முதலில் பெருஞ்சூட்டைப் பெற்று இறுகுகிறது. சூடு மெல்ல நடுவுக்குப் போய்ச் சேர மஞ்சள் இறுகுகிறது. எத்தனை நிமிடம் என்று நாம் எண்ணுவதெல்லாம் அந்தச் சூடு நடுவுக்குப் போய்ச் சேரும் பயணத்தைத்தான்.

இனி, உரிக்கும் கதை. எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா ரோல்ஸ் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். ஒரு முட்டையை நான்காகப் பிளந்து, ஒவ்வொரு ரோல்ஸுக்குள்ளும் ஒரு துண்டு வைப்பார். கோதோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்த முட்டை நான்கு துண்டுக்குத் தாங்காது. மஞ்சள் கழன்று விழும். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை விதித்த காலத்தையும், அடுத்த ஆண்டு மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியான காலத்தையும் அவர் மறக்கவில்லை. அந்த நாட்களில் ஒரு முட்டை பிய்ந்தால் நான்கு ரோல்ஸின் இலாபம் போனதாகக் கணக்கு. ஒருநாள் மனம் நொந்து கேட்டார்: "டீச்சர், நல்ல சாமான் குடுக்கணும் எண்டு பக்கத்து ஊட்டு ஊர்க்கோழி முட்டை, இண்டைக்கு இட்டதப் பாத்து வாங்கினன். ஒண்டாவது ஒழுங்கா உரியுதில்லயே. என்னத்துக்கு?"

முட்டை நன்றாக இருந்ததுதான் காரணம். புதிதாக இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். அதனால் அதன் காரத்தன்மை குறைவு, பீ.எச். பெறுமானம் 7.6 அளவில் இருக்கும். அந்த நிலையில் அவித்தால் வெள்ளைக்கரு கோதின் உட்புறச் சவ்வோடு இறுகப் பற்றிக்கொள்ளும். நாட்கள் போகப் போக, கோதிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே வாயு வெளியேறி, பீ.எச். 9ஐத் தாண்டும். பிடி தளரும். ஈரமும் சிறிது வெளியேறுவதால் முட்டையின் மொட்டைப் பக்கத்திலுள்ள காற்றறை பெரிதாகும். உரிக்கத் தொடங்க விரல் நுழையும் இடம் அதுவே. ஆகவே இன்று இட்ட முட்டை பொரிக்கவும், அப்பத்தில் ஊற்றவும், வட்டலப்பத்துக்கும் உகந்தது. அவிப்பதற்கு ஐந்தாறு நாளானது நல்லது. ராத்தா இப்போது அடுத்த கிழமைக்குரிய முட்டையை இந்தக் கிழமையே வாங்கி, தட்டில் திகதி எழுதி வைக்கிறார்.

வாங்கிய முட்டையின் வயது தெரியாவிட்டால், ஆழமான கோப்பையில் தண்ணீர் எடுத்து அதை உள்ளே விடுங்கள். புதியது அடியில் படுக்கும். சில நாளானது மொட்டைப் பக்கத்தை உயர்த்திச் சாய்ந்தோ நிமிர்ந்தோ நிற்கும்; அவிக்க எடுக்க வேண்டியது அதுதான். மிதப்பது மிகப் பழையது. அதை அவிக்காமல் தனிக் கோப்பையில் உடைத்து மணந்து பாருங்கள்.

வயதுக்கு அடுத்ததாக, சில வேளை வயதைவிடவும் முக்கியமானதாக, நான் கருதுவது முட்டை எந்த நீரில் இறங்குகிறது என்பதை. நம்மில் அநேகர் பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை மூட்டுகிறோம். நீர் மெல்லச் சூடேறும்போது வெள்ளைக்கருவும் மெல்ல இறுகி, ஆறுதலாகச் சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கும் நீரில் இறக்கினால் வெளிப்புற வெள்ளைக்கரு சட்டென்று இறுகிச் சவ்வை விட்டு விலகுகிறது. ஒரே தட்டு முட்டையில் பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் மீதியைக் கொதிநீரிலும் வகுப்பில் அவித்துப் பார்த்தோம். எது எந்தச் சட்டியில் அவிந்தது என்று சொல்லாமலே, உரித்த மாணவிகள் சரியாகப் பிரித்து வைத்தார்கள்.

செய்முறை இதுதான். முட்டை மூழ்கும் அளவு நீரைக் கொதிக்க விடுங்கள். அவிப்பதற்குச் சற்று முன் முட்டையைக் கழுவி, கரண்டியில் ஒவ்வொன்றாக வைத்து மெதுவாக இறக்குங்கள். மேலிருந்து போட்டால் வெடிக்கும். இறக்கியதும் தீயைக் குறைத்து, நீர் மெல்லக் கொதிக்கும்படி விடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். பிரிஜ்ஜில் வைக்காத நடுத்தர முட்டைக்கு 6 அல்லது 7 நிமிடத்தில் மஞ்சள் ஒழுகும் நிலையில் இருக்கும்; 8 நிமிடத்தில் நடுவில் மட்டும் இளகியிருக்கும்; 10 அல்லது 11 நிமிடத்தில் முழுதாக இறுகும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்ததற்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வயோதிபருக்கும் முழுதாக இறுகியதையே கொடுக்க வேண்டும். சல்மொனெல்லா என்ற பக்றீரியா முட்டையில் இருக்கக்கூடும்; இளகிய மஞ்சளில் அது சாகாமல் தப்பலாம்.

இந்த நிமிடக் கணக்கு கடல் மட்டத்தில் இருக்கும் திருகோணமலைக்கு உரியது. இங்கே நீர் 100 பாகையில் கொதிக்கும். 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அங்கே சுற்றுலா போய் அவிக்கிறவர்கள் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விட வேண்டும். கொதிக்கிறதுதானே என்று ஏமாறக்கூடாது.

சட்டி நிறையத் தண்ணீர் கொதிக்கவைக்க மனமில்லாதவர்களுக்கு இடியப்பச் சட்டி இருக்கிறது. அடியில் இரண்டு விரற்கட்டை நீர் விட்டு, ஆவி நன்றாக வந்த பின் மேல்தட்டில் முட்டையை அடுக்கி மூடி, 12 நிமிடம் விடுங்கள். ஆவியும் முட்டையைச் சட்டென்றே சுடுவதால் கோது கொதிநீரில் அவித்ததுபோலவே இலகுவாக உரியும். நீர் குறைவு என்பதால் காஸும் மிச்சம். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபாவாக ஏறியபோது எங்கள் வீட்டில் இடியப்பம் அவிந்த அதே ஆவியில்தான் முட்டையும் அவிந்தது. முறை பிடித்துப்போய், விலை இறங்கிய பிறகும் நான் மாற்றவில்லை.

உப்புப் போட்டால் உரியும், வினாகிரி விட்டால் உரியும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வெடித்த முட்டையிலிருந்து வெள்ளை பரவாமல் அங்கேயே உறைய உப்பும் வினாகிரியும் உதவும். உரிப்பதற்கு அவற்றை நம்பிப் பயனில்லை. வினாகிரி கோதின் கல்சியம் காபனேற்றைக் கொஞ்சம் கரைக்கும். ஆனால் ஒட்டிக்கொண்டிருப்பது கோது அல்ல, அதன் உள்ளே இருக்கும் சவ்வு. அப்பச்சோடா காரத்தன்மையைக் கூட்டும் என்பதில் நியாயம் உண்டு. என்றாலும் சோடா வாசனை வீசும் முட்டையை என் வீட்டில் எவரும் கையால் தொடமாட்டார்கள்.

நேரமானதும் சுடுநீரை வடித்துவிட்டு உடனே குளிர்நீரில் போடுங்கள். இதை அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம். சூடான முட்டை வெளியே எடுத்த பின்னும் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். மஞ்சளைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம் வருவது அதனால்தான். வெள்ளையிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டும் மஞ்சளிலுள்ள இரும்பும் சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்பைட்டு அது. தீங்கில்லை, ஆனால் பார்க்க அழகில்லை. முட்டை பழுதென்று அதை எறிகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், எறிய வேண்டாம். குளிரில் வெள்ளைக்கரு சற்றுச் சுருங்கிச் சவ்விலிருந்து விலகுவதால் உரிப்பதும் சுலபம்.

ஐஸ் இருந்தால் நல்லது. ஆனால் நம் துறைமுகப் பட்டினத்து வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: மீன்வாடியிலிருந்து வந்த ஐஸை இதற்கு எடுக்க வேண்டாம். அது மீனுக்கு அடிக்கும் ஐஸ். குடிநீரில் செய்ததென்று எவரும் உறுதி தருவதில்லை. சூடான முட்டை குளிரும்போது கோதின் துளைகளாலும் வெடிப்புகளாலும் வெளிநீரை உள்ளே இழுக்கும். அவித்த முட்டையைக் கடைசியில் அழுக்கு நீரில் குளிப்பாட்டுவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. ஐஸ் இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீர் போதும். கோப்பையிலுள்ள நீர் சூடாகச் சூடாக இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். பத்து நிமிடம் விடுங்கள்.

பிறகு மொட்டைப் பக்கத்தை மேசையில் மெதுவாகத் தட்டுங்கள். கூர்ப்பக்கத்தில் தொடங்கினால் நகம் வெள்ளைக்கருவில் இறங்கும். தட்டிய பின் உள்ளங்கையின் கீழ் வைத்து, கோது முழுவதும் வெடிக்கும்படி மெல்ல உருட்டுங்கள். காற்றறை இருந்த இடத்தில் சவ்வையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீருக்குள் வைத்தபடியே இழுங்கள். சவ்வு வந்தால் கோதும் சேலை மாதிரிக் கழன்று வரும். சவ்வை விட்டுவிட்டுக் கோதை மட்டும் கிள்ளினால் பொறுமைதான் கழலும். கலியாண வீட்டுப் பின்முற்றத்தில் சஹனுக்கு வைக்கும் முட்டையை உரிக்க உட்காரும் மாமிமார், ஒருவர் தட்டி உருட்ட மற்றவர் வாளித் தண்ணீருக்குள் உரிப்பதைக் கவனித்திருப்பீர்கள். பீ.எச். தெரியாமலே அவர்கள் கண்டுபிடித்த முறை அது. அங்கே நேற்றிட்ட முட்டை வந்துவிட்டால் அவர்களும் ஏசத்தான் செய்வார்கள்.

அவித்த முட்டை பச்சை முட்டையைவிட விரைவில் பழுதாகும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவிக்கும்போது கோதின் மேலிருந்த இயற்கைப் பூச்சு போய்விடுவதால் துளைகள் திறந்து கிடக்கின்றன. நம் வெயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். கடலுக்குப் போகும் வாப்பாவுக்குக் கட்டிக் கொடுப்பதானால், கோதோடு, இறுக மூடிய பெட்டியில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மீன் தண்ணீர் படக்கூடாது. பிரிஜ்ஜில் கோதோடு வைத்தால் ஒரு கிழமை இருக்கும். உரித்ததை அன்றே முடித்துவிட வேண்டும். சூடாக்குகிறேன் என்று முழு முட்டையை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். உள்ளே ஆவி அடைபட்டு வெடித்து, முகத்தையே சுட்டுவிடும்.

நோன்பு காலத்தில் இரவே அவித்துக் கோதோடு பிரிஜ்ஜில் வைத்தால் சஹருக்கு எழும்பியதும் உரித்து உண்ணலாம். அந்த நேரத்துத் தூக்கத்தில் எது அவித்தது எது பச்சை என்று குழப்பம் வந்தால் மேசையில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். அவித்தது பம்பரம்போல நேராகச் சுற்றும். பச்சை முட்டை உள்ளே தளும்பித் தள்ளாடி நின்றுவிடும்.