ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து இளம் நூலகருக்கு



கிளை நூலகத்தின் பொறுப்பை ஏற்றதும், இடம் போதாமை கண்டு புதுக் கட்டடத்திற்குத் திட்டம் எழுதத் தொடங்கியதும் அறிந்து மகிழ்ந்தேன். ஆயினும் வரைபடத்தை மேஜைமேல் விரிப்பதற்கு முன்னர், பணம் எங்கிருந்து வருகிறது, வாசகர் எங்கே உறங்குகிறார் என்ற இரண்டையும் நீ தீர விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நம் நூலகங்களின் ஜீவாதாரம் 1948-ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் பல்லாண்டுகள் வாதாடியதும், கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் நிறைவேறியதுமான அச்சட்டம், சர்க்காரின் தயவை மட்டுமே நம்பியிராமல், வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியை நிரந்தர வருமானமாக்கியது. இப்போது அது வரி ரூபாய்க்கு 10 பைசா. மேதாவிலாசம் மிக்க ஏற்பாடுதான். ஆனால் அந்த வரி கட்டடத்தோடு வளருமேயன்றி வாசகரோடு வளராது. ஒரகடத்தில் ஓர் அறைக்கு ஆறு பாய் விரித்து, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்த பிள்ளைகள் ஷிப்ட் மாற்றி உறங்கும் மாடி வீடு, ஊராட்சி ஏட்டில் ஒரே வீடு. வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம்; 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கை வைத்து எழுதும் திட்டம் அவர்களில் ஒருவரையும் காணாது.

வரியை வசூலிப்பது உள்ளாட்சி. செலவிடுவது மாவட்ட நூலக ஆணைக்குழு. இடையில் பாக்கி தேங்குவது பழைய கதை. ஆகவே ஊராட்சிவாரியாகக் கேட்பு, வசூல், நிலுவை மூன்றையும், ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகையையும் ஒரே தாளில் எழுதிப் பார். கோபம் வரும், அதை அடக்கிக்கொண்டு எழுது.

கம்பெனிகளிடம் கேட்கக் கூச்சப்படாதே. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிடக் கட்டளையிடுகிறது. அக்காரியங்களின் அட்டவணையில் பொது நூலகம் நிறுவுதல் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அவர்கள் கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் உவந்து தருவார்கள். பத்தாவது வருஷத்து மின்கட்டணத்தையும் நூலகர் சம்பளத்தையும் தருவார்கள் என்று எண்ணிவிடாதே. அவற்றுக்கு நூலக வரியே கதி.

மேலும், கட்டடம்தான் விஸ்தரிப்பு என்று யார் சொன்னது? காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் பெண், குளித்து, உண்டு, சற்றே கண்ணயர்ந்து எழும்போது நீ கதவைப் பூட்டிக்கொண்டிருந்தால், மாடிமேல் மாடி எழுப்பியும் என்ன பிரயோஜனம்? 1931-லேயே மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். உனக்கு ஒரு வேன் போதும். இந்தி, ஒடியா நூல்களோடும் அரசுத் தேர்வுக் கையேடுகளோடும் விடுதி வாசலில் நிற்கட்டும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டம் முடிவாகுமுன் அந்த நிலுவைத் தாளையும் வேனுக்கான விண்ணப்பத்தையும் மாவட்ட நூலக அலுவலரிடம் சேர்த்துவிடு. வரைபடம் பிறகு போகட்டும்.