குப்பை போகும் வழி

நுழையும்முன்

வீட்டு வாசலைத் தாண்டியதும் குப்பையைப் பற்றிய நினைவு பெரும்பாலோருக்கு அகன்றுவிடுகிறது. அது யார் கையில் செல்கிறது, எந்த ஊரில் போய்ச் சேர்கிறது என்று வினவுவோர் சிலரே. திருவனந்தபுரம் நகர மக்கள் அனைவரும் அவ்வாறு வினவ வேண்டிய ஒரு நாள் 2011ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அந்நாளையும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் இப்பாடம் கூறுகிறது.

இரும்புக்கை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் என்னும் நகரம் உள்ளது. 1960களின் பிற்பகுதி வரை அங்கும் தொழிலாளர்கள் வண்டியின் பின்னே நடந்து, வீடுதோறும் தொட்டிகளைத் தூக்கிக் கொட்டினர். பாலைநிலத்து வெயிலில் அவ்வேலை முதுகையும் தோளையும் முறித்தது. அந்நகரத்தார் புதிய வண்டி ஒன்றை உருவாக்கினர். வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஓர் இரும்புக்கை நீளும். தெருவோரத் தொட்டியைப் பற்றும். உயர்த்திக் கவிழ்த்துவிட்டு மீண்டும் தரையில் வைக்கும். ஓட்டுநர் தம் இருக்கையைவிட்டு இறங்க வேண்டியதில்லை. ஜப்பானியத் திரைப்பட அரக்கனின் பெயரால் அவ்வண்டியைக் ‘காட்சில்லா’ என்று அழைத்தனர். இன்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பல நகரங்களில் இத்தகைய வண்டிகளே குப்பையை அள்ளுகின்றன.

பணியாளரின் உடலைக் காத்த வகையில் அது பாராட்டத்தக்க கண்டுபிடிப்பே. ஆயினும் அந்தக் கை நீள்வதற்கு அகன்ற தெரு வேண்டும். ஒரே அளவுள்ள தொட்டிகள் வேண்டும். தொட்டிக்கு முன்னால் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தவர் எவரும், இரும்புக்கை அங்கே ஓர் அடிகூட நீளாது என்பதை உணர்வர். குன்றும் சரிவும் குறுகிய சந்துமாக அமைந்த நகரம் அது.

இன்னொரு குறையும் உண்டு. இரும்புக்கை தொட்டியின் உள்ளே பார்ப்பதில்லை. மீன்முள்ளும் பழைய மின்கலமும் கிழிந்த பாடநூலும் அதற்கு ஒரே சுமைதான். பிரிக்கும் வேலை மனிதனுக்கே உரியது. அதனை வீட்டில் செய்யாவிட்டால், வேறெங்கோ ஒருவர் வெறுங்கையால் செய்ய நேரும். பாரிசு நகரின் ஆட்சியாளராக இருந்த யூஜின் புபெல் என்பவர் இதனை முன்பே அறிந்திருந்தார். 1884ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அவருடைய ஆணை, ஒவ்வொரு கட்டடத்திலும் உணவுக் கழிவுக்கு ஒன்று, தாளுக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என மூன்று தொட்டிகள் வைக்கச் சொன்னது. மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் நிலைக்கவில்லை. அவருடைய பெயர் மட்டும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாக நிலைத்துவிட்டது.

பூட்டப்பட்ட வாயில்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் விளப்பில்சாலை என்னும் சிற்றூர் உள்ளது. நகரத்தின் குப்பையை உரமாக மாற்றுவதற்காக அங்கு 2000ஆம் ஆண்டில் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. மட்கும் பொருள் மட்டும் வந்திருந்தால் அது உரமாகியிருக்கும். வந்ததோ எல்லாம் கலந்த குப்பை. நெகிழிப் பைகளும் கண்ணாடியும் செருப்பும் மட்காமல் எஞ்சி மலையாகக் குவிந்தன. கேரளத்தில் இடவப்பாதி, துலாவர்ஷம் என இரு பருவமழைகள் பெய்யும். மழைநீர் அம்மலையினூடே இறங்கிக் கருஞ்சாறாக வழிந்து, ஓடை வழியே கரமனை ஆற்றை நோக்கிச் சென்றது. கிணற்று நீரைக் குடிக்க இயலவில்லை என்றும், வீட்டில் அமர்ந்து உண்ண இயலவில்லை என்றும் ஊரார் முறையிட்டனர். அவர்கள் போட்ட குப்பை அன்று அது, நகரத்தார் போட்டது.

2011 டிசம்பர் 21ஆம் நாள் விளப்பில் ஊராட்சி ஆலையின் வாயிலைப் பூட்டியது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. ஆலையைத் திறக்க ஆணையும் கிடைத்தது. 2012 பிப்ரவரியில் காவல்துறையின் துணையோடு லாரிகள் வந்தபோது, ஆண்களும் பெண்களும் சாலையில் திரண்டு வழிமறித்தனர். லாரிகள் திரும்பின. ஆலை மீண்டும் இயங்கவில்லை.

அதன்பின் நகரத்தின் குப்பை நகரத்திலேயே தங்கியது. தெருமுனைகளில் பைகள் குவிந்தன. சிலர் எரித்தனர்; சிலர் புதைத்தனர்; சிலர் இரவில் ஓடைகளில் எறிந்தனர். பணம் கொடுத்தால் வேறோர் ஊர் இடம் கொடுக்கும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். ஆனால் விளப்பில்சாலையின் நிலையைக் கண்ட எந்த ஊர் அதற்கு இசையும்?

சமையலறையில் ஒரு தொட்டி

வேறு வழியின்றியே மாநகராட்சி புதிய வழியைத் தேர்ந்தது எனலாம். குப்பையை வெகுதூரம் கொண்டுசெல்வதற்குப் பதிலாக, அது பிறக்கும் இடத்திலேயே முடித்துவிடுவது என்பதே அவ்வழி. இந்திய வீடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் மட்கக்கூடியது. காய்கறித்தோல், மீன்கழிவு, மீந்த சோறு ஆகியவை வீட்டைவிட்டே வெளியேறாவிட்டால், லாரிக்கு உரிய சுமை பெரிதும் குறைந்துவிடும்.

சிறிதளவு மண் உள்ள வீடுகளுக்குக் குழாய் உரமுறை கூறப்பட்டது. இரண்டு பெரிய குழாய்களைத் தரையில் நட்டு, ஒன்று நிறைந்ததும் அதனை மூடிவைத்து மற்றொன்றைப் பயன்படுத்துவர். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவதில் உள்ளது உரமாகிவிடும். மண்ணே இல்லாத மாடிவீடுகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மூன்று தொட்டிகள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு நாளும் கழிவை இட்டபின், நுண்ணுயிர் சேர்த்த தென்னை நார்க்கழிவை அதன்மேல் தூவ வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உணவுக்கழிவு அழுகினால் நாறாதா? நாற்றம் அழுகுவதால் மட்டும் வருவதன்று. காற்றில்லாமல் அழுகுவதால் வருவது. ஈரமும் இறுக்கமும் மிகுந்த குவியலின் உள்ளே காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, துர்நாற்றமுள்ள வளிகளை வெளியிடுகின்றன. நார்க்கழிவு ஈரத்தை உறிஞ்சி, இடையிடையே காற்றுக்கு இடம் தருகிறது. அங்கே காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் மண்வாசனையே வீசும். நெகிழிப்பையில் இறுகக் கட்டி எறிந்த மீன்கழிவு மறுநாளே நாறுவதற்கும் காரணம் இதுவே.

தெருவுக்கும் சந்தைக்கும் பொதுவாகத் தும்பூர்முழி முறை பின்பற்றப்பட்டது. தும்பூர்முழி என்பது திருச்சூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அங்குள்ள கால்நடைப் பண்ணையில் உருவானதால் இம்முறைக்கு அவ்வூரின் பெயர் அமைந்தது. ஏறத்தாழ நான்கடி நீளமும் அகலமும் உயரமும் கொண்ட இடைவெளியுள்ள பெட்டியில் சாணம், சருகு, கழிவு எனப் படலம் படலமாக இடுவர். உள்ளே வெப்பம் 70 பாகை வரை உயரும், நோய்க்கிருமிகள் மடியும். மூன்று மாத அளவில் கறுத்த உரம் கிடைக்கும். மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லை.

இவ்வழி குறையற்றது என்று கூறிவிட முடியாது. மாநகராட்சி செய்த வேலையின் ஒரு பகுதி சமையலறைக்கு மாறியபோது, அது பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணின் தலையிலேயே விழுந்தது. தொட்டியை வாங்கி மாடிப்படியின் கீழ் வெறுமையாக வைத்தவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு நகரத்தின் குப்பைக்காக இன்னோர் ஊர் கிணற்றை இழக்கும் நிலை நீங்கியது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றிப் பத்து நாட்களுக்கும் மேலாக நகரைப் புகையில் மூழ்கடித்தபோது, எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதன் விலை மீண்டும் ஒருமுறை தெரிந்தது.

வாசலில் வரும் சேனை

மட்காத குப்பையை என்ன செய்வது? அதற்காகக் கேரளமெங்கும் உள்ளாட்சிகளில் அமைந்ததே ஹரித கர்ம சேனை. தமிழில் பசுமைச் செயற்படை எனலாம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்களே இதில் பெரும்பான்மையினர். கழுவி உலர்த்திய நெகிழி, கண்ணாடி, பழைய செருப்பு ஆகியவற்றைக் குறித்த முறைப்படி வீடுதோறும் வந்து பெறுகின்றனர். அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. அவர்கள் பிரித்துக் கொடுக்கும் நெகிழியில் ஒரு பகுதி பொடியாக்கப்பட்டுச் சாலைக்குத் தாருடன் கலக்கப்படுகிறது.

வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட சிறு கட்டங்கள் நிறைந்த சதுரத்தைச் சில மாணவர்கள் கண்டிருப்பர். அது ஹரிதமித்ரம் என்னும் செயலிக்குரிய கியூஆர் குறியீடு. கெல்ட்ரான் நிறுவனம் உருவாக்கிய அச்செயலியில், பணிக்கு வந்த பெண் தம் கைப்பேசியால் குறியீட்டைப் படம்பிடித்ததும் எந்த வீட்டில் குப்பை பெறப்பட்டது என்பது பதிவாகும். ஸ்காட்ஸ்டேலில் இயந்திரம் தூக்கியது. இங்கே இயந்திரம் கணக்கு எழுதுகிறது. தூக்குவது இன்னும் பெண்ணின் கைதான்.

மலப்புறம் மாவட்டத்துப் பரப்பனங்காடியில் அச்சேனையைச் சேர்ந்த 11 பெண்கள் சேர்ந்து 250 ரூபாய்க்கு ஒரு மழைக்காலக் குலுக்கல் சீட்டு வாங்கினர். ஆளுக்கு 25 ரூபாய்கூடக் கொடுக்க இயலாததால் இருவர் ஒரு பங்கைப் பகிர்ந்துகொண்டனர். 2023 ஜூலையில் அச்சீட்டுக்கு 10 கோடி ரூபாய் பரிசு விழுந்தது. பரிசு பெற்றபின்னும் பணியைத் தொடர்வோம் என்று அவர்கள் கூறியது நாளிதழ்களில் வெளிவந்தது.

அவ்வாறு கூற முடிந்ததே ஒரு மாற்றம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய மலையாள நாவலை, நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி ‘தோட்டியின் மகன்’ எனத் தமிழாக்கினார். ஆலப்புழையில் மனிதக்கழிவைச் சுமந்த மூன்று தலைமுறைகளின் கதை அது. தந்தையின் பெயர் இசக்கிமுத்து, மகன் சுடலைமுத்து. இப்பெயர்கள் நெல்லை, குமரிப் பக்கத்தவை என்பதைத் தமிழ் மாணவர்கள் எளிதில் உணர்வர். பிழைப்புத் தேடி மலைக்கு இப்பால் வந்த தமிழர்களுக்குக் கேரள நகரங்கள் அளித்த வேலைகளில் அதுவும் ஒன்று. சுடலைமுத்து தன் மகனுக்கு மோகனன் என்று பெயரிட்டு, அவன் அவ்வேலைக்கு வரக் கூடாது என்று விரும்புகிறான்.

பெருச்சாளி

மனிதன் இறங்கவே கூடாத இடங்களும் உண்டு. 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையில் இறங்கிய தொழிலாளர் இருவர் நச்சுவளியால் மடிந்தனர். அவர்களைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் உயிரிழந்தார். இத்தகைய சாவுகளைத் தடுக்க எண்ணிய குற்றிப்புறம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர், ஜென்ரோபாட்டிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி ஓர் எந்திரனை உருவாக்கினர். சிலந்திபோல் கால்களை விரித்துச் சாக்கடைக்குள் இறங்கி, ஒளிப்படக்கருவியால் பார்த்து, அடைப்பை அள்ளிக் கொண்டுவரும் அதற்குப் ‘பாண்டிக்கூட்’ என்று பெயர். பெருச்சாளியைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் தெலுங்கிலிருந்து சென்றது. 2018இல் திருவனந்தபுரத்தில் அது முதன்முதலில் பணிக்கு வந்தது. முன்பு உள்ளே இறங்கிய தொழிலாளர்களுக்கே அதனை இயக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இரும்புக்கை தேவைப்படும் இடம் இதுவே.

கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. மலையாளத்தில் தோடு என்றால் ஓடை. தமிழில் அது காதணி. ஆமைகள் ஊர்ந்த ஓடை என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். 2024 ஜூலை 13ஆம் நாள், தண்டவாளங்களுக்குக் கீழே செல்லும் அதன் பகுதியைத் தூய்மை செய்ய இறங்கிய தொழிலாளர் ஒருவரை மழைவெள்ளம் இழுத்துச் சென்றது. தீயணைப்பு வீரர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தேடினர்; பின்னர்க் கடற்படையினரும் வந்தனர்; அதே நகரத்தில் பிறந்த எந்திரனும் இறக்கப்பட்டது. இருண்ட சுரங்கத்தினுள் குப்பை சுவர்போல் இறுகிக் கிடந்ததால் எவராலும் முன்னேற முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில், ரயில் நிலையத்துக்கு அப்பால் ஓடையில் அவருடைய உடல் மிதந்தது.

மீட்புப் படையினரின் வழியை மறித்தவை பெரும்பாலும் நெகிழிப் பைகளும் புட்டிகளும். கழுவி உலர்த்தி வைத்திருந்தால், சேனைப் பெண்கள் வாசலிலேயே வந்து பெற்றுச் சென்றிருக்கக் கூடியவை அவை.

பயிற்சி

1. விளப்பில்சாலை ஆலை உரம் தராமல் போனதற்குக் காரணம் என்ன?
2. மூடிய நெகிழிப்பையில் உள்ள கழிவு நாறுவதும், நார்க்கழிவு தூவிய தொட்டி நாறாதிருப்பதும் ஏன்? உம் சொற்களில் விளக்குக.
3. ‘தோடு’ போலத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒலியும் வேறு பொருளும் கொண்ட சொற்கள் மூன்றினை எழுதுக.
4. உம் வீட்டில் ஒரு நாளில் சேரும் குப்பையை மட்குவது, மட்காதது எனப் பிரித்துப் பட்டியலிடுக. அதனைப் பிரிப்பவர் யார், பெற்றுச் செல்பவர் யார் என்பதை வீட்டாரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.
5. ‘தூக்குவது இன்னும் பெண்ணின் கைதான்’ – இத்தொடர் உணர்த்தும் கருத்து குறித்து வகுப்பில் உரையாடுக.