நடந்துகொண்டே எழுதலாம் ஒரு பாட்டு – பாதயாத்திரைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

முருகா சரணம்!

இந்தப் பதிவு உங்க வீட்டுல எட்டாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கானது. படிச்சிட்டு அவங்க போனுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க.

திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு அந்த ரோட்டில் நடக்கிற குழுக்களைக் கவனித்துப் பாருங்கள். முன்னால் பெரியவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், கூட்டம் திருப்பிப் பாடும். அதே கூட்டத்தின் கடைசியில் பிள்ளைகள் காதில் இயர்போனோடு வருவார்கள். அடியெடுத்துக் கொடுக்கிறவர்களுக்கு இப்போ எழுபது வயசு. அடுத்து யார் எடுத்துக் கொடுப்பாங்க? பிள்ளைகள் தானே எழுதின பாட்டுன்னா கண்டிப்பா வாயைத் திறந்து பாடுவாங்கன்னு நம்பித்தான், எங்க குழுவில் ஞாயிறு சாயங்காலம் கூகுள் மீட்டில் இந்த வகுப்பை ஆரம்பிச்சோம்.

நான் தமிழ் இலக்கியம் படிச்சவன் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சிட்டு சாப்ட்வேர்ல இருக்கேன். சந்தம் என்கிற விஷயம் எனக்குப் பிடிபட்டதே அது ஒரு கணக்கு என்பதால்தான். திருப்புகழ் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'தனதன தானா' மாதிரி ஒரு வரி அச்சடிச்சிருக்கும். நிறையப் பேர் அதைத் தாண்டிப் போயிடுவோம். அதுதான் பாட்டோட அச்சு. 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் விதவிதமான அச்சுகளில் வார்த்துக் கொடுத்துட்டுப் போயிருக்கார். பிற்காலத்தில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்ற நூலில் அடிப்படைச் சந்தங்கள் எட்டு என்று வகுத்துச் சொன்னார். நமக்கு இப்போதைக்கு நாலு போதும்.

தன – இதுக்குப் பொருந்துறது மலை, மழை, படி. தான – பாதை, வேலு, காடு. தத்த – வெற்றி, பட்டு, கட்டு. தந்த – கந்த, வந்து, குன்று. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. 'தத்த'வில் வல்லின மெய் வந்து மூச்சைச் சட்டுனு நிறுத்தும். 'தந்த'வில் மெல்லின மெய், மூக்கில் இழுபடும். பள்ளிக்கூடத்தில் வல்லினம் மெல்லினம்னு மனப்பாடம் பண்ணினது இங்கேதான் வேலைக்கு வருது!

வண்ணப் பாட்டுக்கு இதெல்லாம் எழுத்து மாறாமல் பொருந்தணும். முதல் பாட்டுக்கே அவ்வளவு கஷ்டம் வேண்டாம். காவடிச் சிந்து மாதிரி நடைப்பாட்டில் தாளம் தவறாமல் இருந்தாலே போதும். காவடிச் சிந்துக்குப் பேர்போன சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் முப்பது வயசைக்கூடத் தொடாமல் மறைந்தவர் தெரியுமா? கழுகுமலை முருகன் மேல் அவர் பாடியதைத்தான் இன்னும் பாடிக்கிட்டு இருக்கோம். அதனால 'பாட்டு எழுத இது என்ன வயசு' என்று யாராவது சொன்னா காதில் வாங்காதீங்க.

சரி, எழுதுறது எப்படி? பேனாவை எடுக்காதீங்க, எழுந்து நடங்க. எட்டுக் காலடி ஒரு வரி. ஒரு காலடிக்கு இரண்டு தட்டு, 'தந்-த' என்று. ஏன் எட்டு? நடந்துகிட்டே பாடுறவங்களுக்கு ஒரு மூச்சு அவ்வளவுதான் தாங்கும். பதினாறு காலடிக்கு வரி எழுதினால் மேட்டில் ஏறும்போது பாதிக் கூட்டம் நடுவிலேயே விட்டுடும்.

எங்க வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு முதல் வாரம் கொண்டு வந்த பாட்டில் அகிலம், அற்புதன், அருள்வடிவு, ஆனந்தம் எல்லாமே இருந்துச்சு. தாளமும் சரியாத்தான் இருந்தது. ஆனா யாரு எழுதினதுன்னே தெரியலை. கேட்டதும் சிரிச்சிக்கிட்டே ஏஐ ஆப்பில் வாங்கினதா ஒத்துக்கிட்டா. நானும் அந்தத் துறைதான், மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். அடைமொழி எவ்வளவு கேட்டாலும் அள்ளிக் கொடுக்கும். ஆனா போன தடவை நீ யார்கூட நடந்து வந்தேன்னு அதுக்குத் தெரியாதே.

"போன வருஷம் யாரும்மா கூட வந்தாங்க?" என்று கேட்டேன். தாத்தாவாம். இருபது வருஷத்துக்கு மேல நடந்தவராம், இப்போ முட்டிவலி. "இந்தத் தடவை வரலை அண்ணா. தலையில கட்டிக்கோன்னு அவரோட துண்டைக் கொடுத்துவிட்டிருக்கார்." இதைவிட வேறென்ன பாட்டு வேணும்? அடுத்த வாரம் அவ எழுதி வந்தது இது:

முந்தி வந்த எங்க தாத்தா திண்ணை மேலே காத்திருப்பார்
தந்த துண்டை நானும் கட்டி வந்தேன் பாரு வேலவா

நடந்து பாருங்க. முந்தி / வந்த / எங்க / தாத்தா / திண்ணை / மேலே / காத்தி / ருப்பார். எட்டு! 'காத்திருப்பார்' இரண்டு காலடிக்கு நடுவில் உடையுது. இதுக்கு வகையுளி என்று பேர். உடையிற இடத்தில் வேற அர்த்தம் வராமல் இருந்தால் பாட்டில் விட்டுடலாம். முந்தி, தந்த – இரண்டிலும் இரண்டாவது எழுத்து 'ந்', அது எதுகை. தந்த, துண்டை – முதலெழுத்து ஒத்துப் போவது மோனை. 'வேலவா'வில் கடைசி 'வா' ஒரு முழுக் காலடிக்கு நீளும். கூட்டம் சேர்ந்து எடுக்கிற இடம் அதுதான். அங்கே ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்து முடியணும். 'க்', 'ட்' மாதிரி முடிஞ்சால் குரல் அடைச்சுப் போயிடும்.

இன்னும் ஒண்ணு நடந்துச்சு. அவ போனில் தாத்தாவுக்குப் பாடிக் காட்டியிருக்கா. அவர் கேட்டுட்டு, "ஏம்மா, நம்ம வீட்டுல திண்ணை எங்க இருக்கு? நான் வாசல்ல பிளாஸ்டிக் சேர்லல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றாராம்! திண்ணை அவ பார்த்தது இல்லை, பாட்டுகளில் கேட்ட வார்த்தை, கையில் வந்துடுச்சு. 'வாசல் ஓரம் காத்திருப்பார்' என்று மாத்தினா. காலடி அப்படியே இருக்கு. அதோட முதல் வரியின் பின்பாதி 'வாசல்', இரண்டாம் வரியின் பின்பாதி 'வந்தேன்' என்று தொடங்குறதால அங்கேயும் மோனை விழுந்துடுச்சு. தேடினால்கூட இப்படிக் கிடைக்காது.

'பாரு' என்று சாமியைச் சொல்லலாமா என்று குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். முருகனை நாம் அப்படித்தானே கூப்பிடுறோம். நான் மாத்தச் சொல்லலை.

மெட்டு பற்றிப் பலர் கேட்கிறீங்க. தெரிஞ்ச மெட்டைக் கடன் வாங்குறதில் தப்பே இல்லை. பழைய பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று இன்ன பாட்டின் மெட்டு எனத் தலைப்பிலேயே போட்டிருப்பாங்க. சினிமா மெட்டு மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. பாடும்போது அந்தப் படத்தோட வரிதான் மனசில் ஓடும். கும்மி, தாலாட்டு, காவடிச் சிந்து, உங்க ஊர் ஒயிலாட்டம் – எதுவும் எடுக்கலாம்.

முதல் இரண்டு வரி பல்லவி, கூட்டம் திருப்பிச் சொல்றது. ஒரு தடவை கேட்டதும் மனசில் நிக்கணும். அப்புறம் வர்ற ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரே ஒரு விஷயம் போதும். ஒன்றில் மோர்ப்பந்தல், ஒன்றில் கொப்புளம் வந்த கால், ஒன்றில் தூரத்தில் முதன்முதலா மலை தெரியிற இடம். மூன்றையும் ஒரே சரணத்தில் திணிச்சால் எதுவும் நிக்காது.

இந்த வார வீட்டுப்பாடம்: இரண்டே வரி. நீங்க கண்ணால் பார்த்த ஒரு விஷயம், எட்டுக் காலடி, கடைசியில் முருகனை எந்தப் பேரில் கூப்பிடுவீங்களோ அந்தப் பேர். நடந்துகிட்டே பாடி வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்க, காலடிச் சத்தமும் சேர்ந்து கேட்கணும். சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்தால் ஞாயிறு வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடிப் பார்க்கலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!