பழம்படம் கூறும் ஊர்தி வரலாறு

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. மன்னர்தம் போரும் கொடையும் அவற்றில் பதிந்துள்ளன. ஆயின், சென்ற நூற்றாண்டில் எளிய மக்கள் எவ்வாறு உழைத்தனர், எவ்வூர்தியில் ஏறி எவ்வழிச் சென்றனர் என்பனவற்றை அறிய விரும்புவோர்க்கு வேறொரு சான்று உண்டு. வீட்டுச் சுவரிலும் பழைய தகரப் பெட்டியிலும் கிடக்கும் நிழற்படமே அச்சான்றாகும். அதனைப் படிக்கும் முறையை, கம்பம் பள்ளத்தாக்கில் ஓடிய ஜீப்பு என்னும் ஊர்தியைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

தேனியை அடுத்து, கம்பம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் பழனிசெட்டிபட்டி. கூடலூர் தொடங்கி இவ்வூர் வரையில் 14,707 ஏக்கர் நன்செய் நிலம் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளைகின்றது. மேற்கே மலைத்தொடர் மதில்போல் உயர்ந்து நிற்கின்றது. அம்மதிலைக் கடப்பதற்குப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைச்சாலைகள் உள்ளன. மலைமேல் ஏலத் தோட்டங்கள். மலையடியில் உழைப்பாளர் வாழும் ஊர்கள். விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று, பொழுது சாயும்போது மீள்வோர் இப்பள்ளத்தாக்கில் இன்றும் பலர்.

மேட்டு வழியில் செல்வோர் தம் ஊர்தியைப் பேணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. உப்பு விற்கும் உமணர், பள்ளமும் மேடும் கடக்குங்கால் அச்சு முறியுமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றால் அறிகிறோம். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். இன்று நாம் 'ஸ்டெப்னி' என்று கூறும் சேமச் சக்கரம் அதன் வழித்தோன்றல் அன்றோ?

ஜீப்பு முதலில் போருக்கெனப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ஆம் ஆண்டு முதல், அமெரிக்க நாட்டின் வில்லிஸ், போர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் ஓய்ந்த 1945-இல் வில்லிஸ் நிறுவனம் உழவர்க்கும் பிற குடிமக்களுக்கும் பயன்படுமாறு 'சிஜே-2ஏ' என்னும் ஜீப்பை வெளியிட்டது. 1949-இல் 'சிஜே-3ஏ' பரவியது. 1953-இல் 'சிஜே-3பி' தோன்றியது. நம் நாட்டில் 1945-இல் தொடங்கப்பெற்று, 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், 1947 முதல் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளை வருவித்துப் பம்பாயில் பூட்டி விற்றது. பின்னர் அவ்வுறுப்புகளை இங்கேயே செய்யவும் தொடங்கியது.

இவ்வகைகளைப் படத்தில் எவ்வாறு பிரித்தறிவது? முதலில் ஊர்தியின் முகத்தை நோக்குக. போர் ஜீப்புகளுள் பெரும்பாலானவற்றின் முகத்தகட்டில் ஒன்பது நெடுந்துளைகள் இருக்கும். சிறிய விளக்குகள் தகட்டின் உள்ளே ஒடுங்கி நிற்கும். குடிமக்கள் ஜீப்பிலோ ஏழு துளைகளே உண்டு. விளக்குகள் பெரியனவாய் முன்னே புடைத்துத் தோன்றும். போர் ஜீப்பின் பின்புறத்தில் சேமச் சக்கரம் தொங்கும், பின்கதவு இராது. சிஜே-2ஏ வகையில் பின்கதவு உண்டு; சேமச் சக்கரம் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும்.

அடுத்து, முன்கண்ணாடியை நோக்குக. அது நடுவே பிளவுபட்டு இரு துண்டாக இருப்பின் சிஜே-2ஏ எனவும், ஒரே துண்டாக இருப்பின் அதற்குப் பிற்பட்டது எனவும் கருதலாம். பின்னர் எஞ்சின் மூடியை நோக்குக. சிஜே-3பி வகையின் எஞ்சின் முன்னதைவிட உயரமானது. ஆதலின் அதன் மூடியும் உயர்த்தி அமைக்கப்பட்டது, முகமும் நெடிதாயிற்று. நான்கு சக்கரமும் உந்தும் ஊர்தியா என்பதை அறிய, முன்சக்கரங்களுக்கு இடையே உள்ள அச்சினைக் காண்க. குடுக்கைபோல் உருண்டு புடைத்த ஓர் உறுப்பு அதில் தெரியுமாயின், எஞ்சினின் ஆற்றல் முன்சக்கரங்களுக்கும் செல்லும் என்று கொள்க. மழைக்காலச் சேற்றில் தோட்டப் பாதை ஏற வல்லது அத்தகைய ஊர்தியே.

ஊர்தி எவ்வகையது என்று அறிந்தபின், படம் எடுத்த காலத்தை ஆராய வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. 1953-இல் தோன்றிய ஜீப்பு 1980-ஆம் ஆண்டுப் படத்திலும் நிற்கலாம். 1950-ஆம் ஆண்டுப் படத்தில் நிற்க இயலாது. எனவே, ஊர்தி காலத்தின் தொடக்க எல்லையை மட்டுமே காட்டும். முடிவெல்லையைப் படத்தின் பிற பகுதிகளில் தேடுக. குமுளி எல்லையில் எடுத்த ஒரு படத்தில், மூடி உயர்ந்த ஜீப்பின் பின்னே 'திருவிதாங்கூர்-கொச்சி' என்று எழுதிய பலகை தெரிவதாகக் கொள்வோம். அம்மாநிலம் 1949-இல் தோன்றி, 1956 நவம்பர் முதல் நாளில் கேரளமாயிற்று. ஆகவே, அப்படம் 1953-க்கும் 1956-க்கும் இடைப்பட்டது, அல்லது பழைய பலகை அகற்றப்படாத சில காலத்திற்குள் எடுத்தது என்று துணியலாம். பின்புலத்தில் வைகை அணை முழுமையாய்த் தோன்றின் அப்படம் 1959-க்கு முற்பட்டதன்று. பதிவெண் பலகையில் 'டிஎன்' என்னும் எழுத்துகளும் அடுத்து ஈரிலக்க எண்ணும் இருப்பின் அது 1989-க்கு முற்பட்டதன்று.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதுமொழி. நிழற்படத்திற்கும் இது பொருந்தும். திசைதிருப்பும் வட்டு இடப்பக்கம் இருப்பின் உடனே முடிவு கட்டாதீர். படச்சுருளைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து அச்சிட்டால் வலம் இடமாகத் தோன்றும். பதிவெண்ணின் எழுத்துகளையும், ஆடவர் சட்டைப் பையையும் காண்க. அவை நேராக இருப்பின் படம் நேரானதே. அவ்வூர்தி அமெரிக்காவிலிருந்து வந்த போர் ஜீப்பாக இருத்தல் கூடும். ஏனெனில், போர் ஜீப்புகள் இடப்பக்கத்திலிருந்து ஓட்டும் அமைப்பின. இன்னும் ஒன்று: பட்டறையில் ஒரு வண்டியின் முகம் மற்றொரு வண்டிக்கு மாற்றப்படுவதுண்டு. ஆதலின் ஓர் அடையாளத்தை நம்பாது, மூன்று நான்கு அடையாளங்கள் ஒத்திருப்பின் மட்டுமே முடிவு கூறுதல் அறிவுடைமையாகும்.

மாணவர்களே! படத்தில் இருப்பதைப் படிப்பதோடு, இல்லாததையும் எண்ணிப் பாருங்கள். பழைய ஜீப்புப் படங்களில் உரிமையாளர் நடுவே நிற்பார். ஓட்டுநர் ஓரத்தில் நிற்பார். சில படங்களில் அவர்தம் தோள் மட்டுமே தெரியும். ஆனால், அந்த ஜீப்பில் நெருக்கி அமர்ந்து நாள்தோறும் மலையேறி, குளிரிலும் மழையிலும் ஏலக்காய் பறித்த பெண்கள் பெரும்பாலும் படத்தில் இரார். அவர்தம் கூலியே ஊர்தியை ஓடச் செய்தது. அவர்தம் முகமோ எங்கும் பதியவில்லை. பதியாதது நிகழாதது ஆகிவிடுமா? ஆகாது. அக்குறையை நிறைக்க வல்லது முதியோர் வாய்மொழியே. படத்தை அவர்தம் கையில் கொடுங்கள். "இவ்வண்டியில் எத்தனை பேர் ஏறுவீர்கள்? கூலி என்ன? வழியில் வண்டி நின்றால் என் செய்வீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். ஒரு படம் அவர்தம் நெஞ்சில் நூறு நினைவுகளை எழுப்பும். அவற்றை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தின் விளிம்பைப் பற்றி எடுக்க வேண்டும். பின்புறத்தில் மையால் எழுதலாகாது. முன்னரே உள்ள எழுத்தையும் நிழற்படக் கடையின் முத்திரையையும் படியெடுத்து வைக்க வேண்டும். ஈரமும் கரையானும் நாளுக்கு நாள் படங்களை அழிக்கின்றன. முதுமையோ அவற்றை விளக்க வல்லாரை நம்மிடமிருந்து பிரிக்கின்றது. படம் அழியின் ஊர்தியின் உருவம் மறையும். பெரியோர் மறையின் அவ்வூர்தியில் சென்றோர் பெயரே மறையும். இரண்டும் மறையுமுன் சென்று கேட்பது இளைஞராகிய உங்கள் கடமையாகும்.

பயிற்சி

1. போர் ஜீப்பிற்கும் குடிமக்கள் ஜீப்பிற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. ஊர்தியின் காலமும் படத்தின் காலமும் ஒன்றல்ல என்பதைச் சான்றுடன் விளக்குக.
3. 'சேம அச்சு' என்றால் என்ன? அதனோடு ஒப்பிடத்தக்க இக்கால உறுப்பு யாது?
4. உம் ஊரில் உள்ள பழைய படம் ஒன்றைப் பார்த்து, அதில் நிற்போரையும் நில்லாதோரையும் பற்றிப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.