தனியே அழைத்துக் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

கிராம சுகாதார செவிலியராகப் பொறுப்பேற்றிருக்கிறாய். வாழ்த்துகள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் குழந்தைகள், 28 வாரமோ அதற்கு மேலோ வளர்ந்த பிறகு உயிரில்லாமல் பிறக்கின்றன. இன்னும் பல, 37 வாரம் நிறையும் முன்பே பிறந்து உயிருக்குப் போராடுகின்றன. இவற்றில் தடுக்கக்கூடியவற்றைத் தடுக்கும் வேலை உன் முதல் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது.

"எத்தனாவது பிரசவம்?" என்று கேட்டால் பெரும்பாலும் மாமியார்தான் முந்திக்கொள்வார்: "தலைப்பிரசவம்ங்க." மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எடை பார்க்கிற சாக்கில் அவளை மட்டும் உள்ளே அழைத்துக் கேள். போன வருஷம் ஏழாம் மாதத்தில் ஒன்று தவறிப்போனது அப்போதுதான் வாய்க்கு வரும். முன்பு குழந்தை இறந்து பிறந்திருந்தாலும் குறைமாதத்தில் பிறந்திருந்தாலும், இந்த முறை அப்படி நேரும் வாய்ப்பு கூடுதல். அட்டையில் எழுதி, அன்றே மருத்துவரிடம் சொல். ஏனென்றால், ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்புள்ளவளுக்கு மருத்துவர் தரும் ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் உண்டு.

வெயிலில் நடந்து வந்தவளை ஐந்து நிமிடம் உட்காரவைத்து பி.பி. பார். 140/90 வந்தால் விட்டுவிடாதே. சுகர், கடுமையான ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, சிபிலிஸ், இரட்டைக் கரு, நெருங்கிய உறவில் திருமணம், வீட்டுக்குள் பீடி பிடிக்கும் கணவன் என எதையும் கேட்காமலோ பார்க்காமலோ அனுப்பாதே. டேப் வைத்து வயிற்றை அளந்து பார். வளர்ச்சி பின்தங்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

"மாசம் நெருங்கினா துடிப்பு குறையும்" என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. துடிப்பு குறைந்தால் அன்றைக்கே வரச் சொல். ஆறாம், ஏழாம் மாதத்தில் விட்டுவிட்டு இடுப்பு வலித்தால், "சூட்டு வலிதான்" என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பார்கள். அப்போதும், பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடு. பிரசவத்துக்கு முன்பே தாயைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தால், குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைக்கும். 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்னும் இருவர் ஆய்வு செய்து காட்டிய வழி இது. அன்றிலிருந்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இவ்வளவு செய்தும் சில நேரம் குழந்தை தங்காது. காரணமே தெரியாமல் போவதும் உண்டு. பப்பாளி தின்றாள், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று ஊர் அவள்மேல் பழி போடும். "உன் தப்பு எதுவும் இல்லம்மா" என்று அந்த வீட்டார் எல்லார் காதிலும் விழும்படி சொல். ஆபத்துக் காரணிகள் நாம் கூடுதலாகக் கவனிப்பதற்காக இருப்பவை. அவளைக் குற்றவாளியாக்க அல்ல.

குழந்தை இல்லாவிட்டாலும் அவளுக்குப் பால் சுரக்கும், மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். இதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போவது போலவே அவள் வீட்டுக்கும் தவறாமல் போ. அந்த நம்பிக்கை இருந்தால், அடுத்த முறை நாள் தள்ளியதுமே அவள் உன்னிடம் வருவாள். நடந்ததை மறைக்காமல் சொல்வாள். அவளுக்கும் அவள் குழந்தைக்கும் நீ தேடித்தரக்கூடிய பெரிய பாதுகாப்பு அதுதான்.

அன்புடன்,
உன் மூத்த செவிலியர்